கிணற்றுக்குள் இருந்த சுழியோடி

காலை ஏழு மணிக்கு இக்ராம் தண்ணீருக்குள் இறங்கினான். இறங்கியவன் பத்தடி ஆழத்தில் அப்படியே நின்றுவிட்டான். பகல் சாப்பாட்டு நேரத்திலும் அங்கேதான் நின்றான், பின்னேரம் அஸர் பாங்கு சொன்னபோதும் அங்கேதான் நின்றான். மூச்சு விட மேலே வரவில்லை. ஒரு முழம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரவுமில்லை. அந்தி மஃரிபுக்குச் சற்று முன்னால் விறுவிறென்று மேலே ஏறினான். மறுநாளும் அதே கூத்து.

முந்தின கிழமை இக்ராமின் மணிக்கூட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போன கணக்கைப் பார்த்து டொக்டர் லோஜனாவின் மடிக்கணினி அப்படித்தான் சொன்னது. அதைத் தூக்கிக்கொண்டு திருகோணமலை டவுனிலிருந்து பஸ் ஏறி மூதூருக்கு வந்து, அசனாவின் வீட்டு விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு அவள் கேட்டாள்:

"அசனா அக்கா, உங்கட அவர் மனிசனோ, மீனோ?"

அசனாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஏனென்றால் அந்த மணிக்கூடு அப்போதும் லோஜனாவின் முதுகுக்குப் பின்னால், கிணற்றுக்குள், ஒரு நைலோன் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டித் தொங்கவிட்டவளே அசனாதான்.

அது சும்மா மணிக்கூடு இல்லை. கையில் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினால் எவ்வளவு ஆழம் போனான், எவ்வளவு நேரம் நின்றான், எவ்வளவு வேகமாக ஏறினான் என்று எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கும். தலை தண்ணீருக்கு மேலே வந்ததும் கடலில் எந்த இடம் என்பதையும் குறித்துக்கொள்ளும். பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழு ஒன்று அதை மூதூர்ச் சுழியோடிகள் ஆறு பேருக்குக் கொடுத்திருந்தது. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குகிற இந்த மனிதர்களுக்கு ஏன் கைகால் முடங்குகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. அந்தக் குழுவின் டொக்டர்தான் லோஜனா.

ஊரில் அந்த நோயை 'காத்துப் பிடிச்சிட்டுது' என்பார்கள். ஆழத்தில் அதிக நேரம் நின்றுவிட்டு அவசரமாக ஏறினால் உடம்புக்குள் போன காற்று குமிழ் குமிழாகி மூட்டிலும் முள்ளந்தண்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அசனாவின் தம்பி பஸ்லானுக்கு அப்படித்தான் பிடித்தது. கல்யாணம் பேசி முடித்த நேரம். காலையில் கடலுக்குப் போன ஆம்பிளையை அந்திக்கு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இன்று அவன் கம்பு ஊன்றித்தான் நடக்கிறான், பள்ளிவாசலில் கதிரையில் இருந்துதான் தொழுகிறான். பேசிய கல்யாணமும் போயிற்று.

இப்போது இக்ராமின் வலது தோள். வாளி தூக்கும்போது முகத்தைச் சுளிக்கிறான். சட்டையைக் கழற்ற அவனுக்குக் கதவு நிலையின் துணை வேண்டியிருக்கிறது. கேட்டால், "ஒண்டுமில்ல புள்ள, பாரம் தூக்கின நோவு" என்கிறான். பஸ்லானும் முடங்குவதற்கு முந்தின மாசம் இதே சொல்லைத்தான் சொன்னான். அசனா அந்த ஆராய்ச்சியின் ஆலோசனைக் குழுவில் பேர் கொடுத்ததே இதற்காகத்தான். தன் புருஷன் இரண்டாவது பஸ்லானாக ஆகக் கூடாது. அவளுக்கு வேறு ஒரு விருப்பமும் இல்லை.

அப்படிப்பட்டவள் ஏன் மணிக்கூட்டைக் கிணற்றில் போட்டாள் என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான்.

இக்ராம் அதைக் கையால் தொடவே மாட்டேன் என்றுவிட்டான். சன்னலில் கிடந்தது. அசனாவுக்கோ மனம் கேட்கவில்லை. பாவம், அந்தப் பிள்ளை டவுனிலிருந்து வெயிலில் வந்து தந்துவிட்டுப் போயிருக்கிறது, திரும்பி வந்து கேட்கும்போது வெறுமையாகவா கொடுப்பது? வீட்டுக்கு வந்தவரைத் தேத்தண்ணி இல்லாமல் அனுப்பியதுபோல் ஆகிவிடாதா? தண்ணீருக்குள் இருந்தால்தானே இதற்குக் கணக்கு வரும் என்று யோசித்தாள். கிணறு பக்கத்தில் இருந்தது. காலையில் இறக்குவாள், அந்திக்கு ஏற்றுவாள். தான் கண்டுபிடித்த இந்தக் கெட்டித்தனத்தை வேலிக்கு அப்பால் இருக்கும் சித்தி பரீதாவுக்கும் சொன்னாள். சித்தி பரீதாவின் மகன் றம்ஸானும் சுழியோடி. அவள் மற்ற வீடுகளுக்குச் சொன்னாள். மரியாதை தெரிந்த ஊரல்லவா, எல்லாரும் டொக்டரின் மனம் நோகாமல் நடந்துகொண்டார்கள்.

"இவர் மட்டுமில்லை அக்கா," லோஜனா திரையைத் திருப்பிக் காட்டினாள். "ஆறு பேரும் இப்பிடித்தான். ஒருத்தர் மூண்டடி ஆழத்தில நாள் முழுக்க நிக்கிறார். இடத்தைப் பாத்தா பள்ளிவாசல் காட்டுது."

அது றம்ஸான். உம்மா சொன்னதற்காகக் கொண்டுபோய், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்கிற ஹவுள் தொட்டிக்குள் போட்டுவிட்டு வந்திருக்கிறான் சோம்பேறி.

அசனா முந்தானையால் வாயைப் பொத்தினாள். லோஜனா சிரிக்கவில்லை. மடிக்கணினியை மூடி மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"இதை நான் இப்பிடியே அனுப்பினால் என்ன நடக்கும் தெரியுமோ? மூதூர்ச் சுழியோடிகள் ஆழத்துக்கே போறதில்லை, அவைக்கு ஒரு ஆபத்துமில்லை எண்டு முடிவு எழுதுவினம். மேலிடத்தில இப்பவே கேக்கினம், இஞ்ச ஏன் காசைக் கொட்டுறீர் எண்டு. இந்த மாசத்தோட மூடிப்போட்டு வேற இடத்துக்குப் போயிடுவினம்."

அசனா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். ஆபத்து இல்லையா? பஸ்லானுக்கு ஆபத்து இல்லையா? இக்ராமின் தோளுக்கு ஆபத்து இல்லையா? ஆறு வீட்டுப் பெண்கள் மரியாதை பார்த்ததற்கு இதுவா கூலி? அவளுக்குத் தன் மேலேயே கோபம் பொங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும் என்று எழும்பினாள்.

"வாங்க டொக்டர், உங்கட சுழியோடியக் காட்டுறன்."

கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கயிற்றை இழுத்தாள். மணிக்கூடு சொட்டச் சொட்ட மேலே வந்தது. லோஜனா அதைப் பார்த்தாள், அசனாவைப் பார்த்தாள், கிணற்றை எட்டிப் பார்த்தாள். பிறகு கிணற்றுக் கட்டிலேயே இருந்து கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள். அசனாவும் சிரித்தாள். சிரித்து முடிந்த பிறகு இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது.

"ஏனக்கா? அவருக்கு ஏன் இது பிடிக்கேல்லை?"

"கடலட்டை கிடக்கிற இடம் ஒரு சுழியோடிக்கு அவன்ட உண்டியல், டொக்டர். பெத்த வாப்பாக்கும் சொல்லமாட்டான். எனக்கே தெரியா, அவர் எங்க இறங்கிறார் எண்டு. நீங்க என்னடா எண்டா இடத்தையும் சேத்துக் குறிக்கிற சாமானைக் கையில கட்டச் சொல்றீங்க. நகையை எங்க வச்சிருக்கீங்க எண்டு சந்தியில நிண்டு கேட்டா நீங்க சொல்லுவீங்களா?"

"அதை அண்டைக்கு ஆலோசனைக் கூட்டத்தில சொல்லியிருக்கலாமே? கேள்வி இருக்கோ எண்டு நான் கேட்டனான்தானே?"

"கேட்டீங்க. தேத்தண்ணியோட தின்னப் பட்டிஸத் தந்துபோட்டுக் கேட்டீங்க. அப்ப மணிக்கூடு வாங்கியாச்சு, பெட்டியும் உடைச்சாச்சு. வாங்கி முடிஞ்ச சாமானுக்கு என்ன கேள்வி கேக்கிற? கலியாணத்தை முடிச்சிட்டு மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கா எண்டு கேட்ட மாதிரி."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். படித்த பிள்ளையிடம் இப்படி வெடுக்கென்று பேசிவிட்டோமே என்றிருந்தது. ஆனால் லோஜனா கோபிக்கவில்லை. ஈர மணிக்கூட்டைச் சட்டை நுனியால் துடைத்தபடி கேட்டாள்:

"சரி. இப்ப பட்டிஸ் இல்லை. இது உங்கட ஆராய்ச்சி எண்டு வையுங்கோ. நீங்கள் என்னத்தைத் தேடுவீங்கள்?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் அசனாவிடம் கேட்டதில்லை. ஆனால் பதில் அவளிடம் இருந்தது, பஸ்லானைத் தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்தே இருந்தது.

"நோவு வந்தா ஏன் இவங்க மறைக்கிறாங்க எண்டு தேடுவன்," என்றாள். "சொன்னா முதலாளி ஸெய்னுதீன் அடுத்த நாளே வேற ஆளை வள்ளத்தில ஏத்திருவார். அதால ஒருத்தனும் வாய் துறக்கிறல்ல. நோவு வந்தா திரும்ப ஒருக்காக் கடலுக்குள்ள இறங்குவாங்க, கீழ போனா நோவு விட்டுரும். பேந்து வீட்ட வந்தா நான் எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சு, சுடுதண்ணி ஒத்தடம் குடுப்பன்."

லோஜனாவின் முகம் மாறியது. "அக்கா, திரும்ப இறங்கினா அந்த நேரத்துக்குத்தான் நோ விடும். பிறகு ரெண்டு மடங்கா வரும், அதுதான் ஆளை முடக்கிறது. எண்ணெயும் ஒத்தடமும் அதுக்குக் கேக்காது, நேரம்தான் போகும். நோகுது எண்டவுடன வள்ளத்திலயே ஒக்சிசன் குடுத்து, கெதியா டவுனில குமிழைக் கரைக்கிற அழுத்த அறைக்குக் கொண்டுபோனா, கனபேர் எழும்பி நடப்பினம்."

அசனா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் அந்தத் தோளை எவ்வளவு அன்பாகத் தேய்த்துவிட்டாள்! அல்லாஹ்வே, அந்த அன்பெல்லாம் நேரத்தை அல்லவா தின்றிருக்கிறது! அவளுக்கு அழுகை வந்தது, அழுதும்விட்டாள்.

"அப்ப சொல்ல வைக்கிறதுதான் மருந்து," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஓம் அக்கா. அதுக்கு ஆக்கள் முதல்ல எனக்கு முன்னால வரோணுமே. ஆஸ்பத்திரிப் பதிவில தேடினா மூதூரில ரெண்டு பேர்தான் இருக்கினம்."

"நீங்க தேடின இடம் பிழை. வெள்ளிக்கிழமை வாங்க. எங்கட ஆக்கள் அண்டைக்குக் கடலுக்குப் போறல்ல."

அந்த வெள்ளிக்கிழமை அசனாவின் முற்றத்தில் நிழலுக்குப் படங்கு விரித்துக் கட்டியிருந்தார்கள், குசினியில் பெரிய கேத்திலில் தேத்தண்ணி கொதித்தது. ஜும்மா முடிந்த பிறகு ஒழுங்கையில் ஒரு விசித்திர ஊர்வலம் வந்தது. முன்னால் கம்பு ஊன்றிக்கொண்டு பஸ்லான். அவனுக்குப் பின்னால் வரிசையாக ஆண்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு கதிரை. நொண்டிக்கொண்டு சிலர், காலை இழுத்துக்கொண்டு சிலர். பள்ளிவாசலில் எந்தக் கதிரையில் இருந்து தொழுகிறார்களோ, நிர்வாகத்திடம் கேட்டு அதையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"டொக்டர், எங்கட பள்ளியில கதிரையில தொழுற ஆக்கள்ல வயசாளிகளைக் கழிச்சு விடுங்க," என்றான் பஸ்லான். "மிச்சமெல்லாம் சுழியோடி."

லோஜனா அந்தக் கதிரைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். தேத்தண்ணி கொடுக்கப் போன அசனாவும் எண்ணிப் பார்த்தாள். தம்பியை மட்டுமே நினைத்து அழுதிருந்தவளுக்கு இத்தனை பேர் என்று தெரியாது. பெண்கள் நிற்கும் பக்கத்திலிருந்து பள்ளிவாசலில் ஆண்களின் வரிசை தெரிவதில்லையே.

இன்னும் நடக்கிற சுழியோடிகளும் வந்தார்கள், இக்ராமும் வந்தான். வேலியோரமாய் நின்றான். பேச்சுத் தொடங்கப் போகிற நேரத்தில் படலையைத் திறந்துகொண்டு ஸெய்னுதீன் முதலாளி வந்தார்.

"என்ட வள்ளத்து ஆக்களைக் கூப்பிட்டு என்ட முதுகுக்குப் பின்னால என்ன கூட்டம்?" என்றார். "ஆருக்கு நோகுது? நோகிறவன் சொல்லு பாப்பம்."

யார் சொல்வார்கள்? பூனைக்கு மணி கட்டுகிற வேலை. அசனா இக்ராமைப் பார்த்தாள். அவன் மண்ணைப் பார்த்தான். அவளுக்கு நெஞ்சு எரிந்தது. மனுசா, இப்போது சொல்லாமல் எப்போது சொல்லப்போகிறாய்?

பஸ்லான்தான் கம்பை ஊன்றி எழும்பினான். "எனக்கு நோகுது முதலாளி. உங்கட வள்ளத்தில இருக்கக்குள்ளதான் நோக வெளிக்கிட்டது. அண்டைக்குச் சொன்னா என்னை ஏத்தமாட்டீங்க எண்டு பயந்து திரும்ப இறங்கினன். இண்டைக்கு எனக்குப் பயம் ஒண்டுமில்ல. இனி என்னத்த எடுக்கப்போறீங்க?"

முதலாளியின் முகம் கறுத்தது. பஸ்லான் முடங்கியபோது ஆஸ்பத்திரிக்கு வான் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். கெட்ட மனிதன் என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது.

"நான் என்ன மிருகமா?" என்றார் குரல் இறங்கி. "ஒருத்தன் நோகுது எண்டா மத்தவனும் எண்டுவான். பேந்து வள்ளம் கரையில கிடக்கும், எல்லாரும் சேந்து பட்டினி கிடப்பம்."

அப்போதுதான் அசனா கேத்திலை வைத்துவிட்டு நடுவே வந்தாள். தலைச் சீலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "நாங்க கேக்கிறது சின்ன விஷயம் முதலாளி. மணிக்கூடு ஆழத்தை மட்டும் குறிக்கட்டும், இடத்தைக் குறிக்கக் கூடாது. அதில இருக்கிறதை உங்களுக்கும் காட்டக் கூடாது, எந்த அரசாங்கக் கந்தோருக்கும் குடுக்கக் கூடாது. வள்ளத்தில ஒக்சிசன் போத்தல் ஒண்டு இருக்கோணும். நோகுது எண்டு சொன்னவன்ட இடம், அவன் சுகமாகி வரும்வரைக்கும் அவனுக்குத்தான். இந்தப் பருவத்துக்கு மட்டும் செஞ்சு பாருங்க. இதால ஆக்கள் தப்புறாங்களா இல்லையா எண்டதுதான் இனி ஆராய்ச்சி. என்ன டொக்டர்?"

"அதுதான் ஆராய்ச்சி," என்றாள் லோஜனா. "மேலிடத்தோட நான் சண்டை பிடிக்கிறன்."

முதலாளி தாடியைத் தடவினார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த இழுபறியில்தான் வேலிப் பக்கமிருந்து சித்தி பரீதாவின் குரல் வந்தது:

"டொக்டர், நீங்க ஒக்சிசனை மத்த முதலாளிமார்ர வள்ளத்தில முதல்ல வையுங்க. பாவம், இவர்ர வள்ளம் பழசு, போத்தல் பாரம் தாங்குமோ என்னமோ."

"ஆர்ர வள்ளம் பழசு?" முதலாளி துள்ளினார். "வைக்கிறதெண்டா என்ட வள்ளத்திலதான் முதல்ல வைக்கோணும்! இந்தக் குடாவுக்குள்ளயே என்ட வள்ளம்தான் நம்பர் வண்!"

முற்றமே சிரித்தது. முதலாளியும் கடைசியில் சிரிக்க வேண்டியதாயிற்று. சிரித்த வாயால் சம்மதிக்காமல் இருப்பது கஷ்டம்.

லோஜனா மேலிடத்தோடு சண்டை பிடிக்கத்தான் செய்தாள். சில கிழமைகள் போய் மணிக்கூடுகள் திரும்பி வந்தன, இடம் குறிக்கிற பகுதியை எடுத்துவிட்டதாகச் சொன்னாள். சொன்னால் நம்புகிற ஊரா இது? றம்ஸான் ஒன்றைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் சைக்கிளில் சுற்றி, ஹவுளிலும் ஒருதரம் கையை முக்கி, வந்து திரையைப் பார்த்தான். ஆழம் இருந்தது, இடம் இல்லை. அதன் பிறகுதான் எல்லாரும் கையை நீட்டினார்கள். பஸ்லானை ஆராய்ச்சிக் குழு சம்பளத்துக்கே எடுத்துக்கொண்டது. அந்திக்கு வள்ளம் வரும்போது கரையில் கதிரை போட்டிருந்து, யாருக்கு எங்கே நோகுது என்று கேட்டு எழுதுவது அவன் வேலை. டொக்டரிடம் பொய் சொல்லலாம், பஸ்லானின் காலைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல யாருக்கு மனம் வரும்?

இக்ராமும் மணிக்கூட்டைக் கட்டினான். ஆனால் வாய் மட்டும் திறக்கவில்லை.

"தோள் எப்பிடி மச்சான்?" என்று அசனா கேட்பாள்.

"ஒண்டுமில்ல புள்ள."

ஊரையே பேச வைத்துவிட்டுத் தன் வீட்டு மனிதனைப் பேச வைக்க ஏலாமல் போயிற்றே என்று அசனா குசினியில் நின்று பாத்திரங்களோடு சண்டை பிடித்தாள். "வாயுள்ள புள்ள பிழைக்கும் எண்டு சும்மாவா சொன்னாங்க?" என்று சட்டிக்குச் சொன்னாள். சட்டி என்ன சொல்லும்?

ஒரு திங்கட்கிழமை முற்பகல். தையல் மெசினில் ஒரு பாவாடைக்குக் கரை அடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இக்ராமின் நம்பர். கடலில் இருக்கிற நேரத்தில் அவன் எடுப்பதே இல்லை. அசனா மெசினை நிறுத்திப் போனை எடுத்தாள்.

"அசனா." இரைச்சலுக்குள் அவன் குரல் மெலிந்து வந்தது. "புள்ள, எனக்கு நோகுது."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"தோளும் இடுப்பும். ஏறினவுடன பிடிச்சிட்டுது. நான் திரும்ப இறங்கல்ல. முதலாளிட்டச் சொல்லிட்டன். ஒக்சிசன் போட்டிருக்கு, கதைக்கத்தான் கழட்டினன். வள்ளம் நேரா டவுனுக்குப் போகுது. கேக்குதா? எனக்கு நோகுது புள்ள."

"கேக்குது மச்சான், கேக்குது," என்றாள். கண்ணீர் பொலபொலவென்று பாவாடையில் விழுந்தது. "கதைச்சது காணும். அதைத் திரும்ப மாட்டுங்க!"

வைத்துவிட்டு லோஜனாவுக்கு அடித்தாள், பஸ்லானுக்கு அடித்தாள், சித்தி பரீதாவிடம் வீட்டை ஒப்படைத்தாள். டவுன் பஸ்ஸில் கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது சன்னலால் கடலைப் பார்த்தபடியே யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டே போனாள். எந்த வள்ளம் அவனுடையது என்று தெரியவில்லை. எல்லா வள்ளத்துக்கும் சேர்த்து துஆ கேட்டாள்.

அழுத்த அறையில் அவனைப் படுக்கவைத்துக் கதவைப் பூட்டிய பிறகுதான் அவள் போய்ச் சேர்ந்தாள். வெளியே போட்டிருந்த மர வாங்கில் ஸெய்னுதீன் முதலாளி, உப்புத் தண்ணீர் காயாத இடுப்புச் சாரத்தோடு உட்கார்ந்திருந்தார். அசனாவைக் கண்டதும் எழும்பினார்.

"அவன்ட இடம் அவனுக்குத்தான் மகள்," என்றார். கேட்காமலே சொன்னார்.

அந்தி சாய்கிற நேரம் கதவு திறந்தது. இக்ராம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு காலைக் கீழே வைத்தான். ஒரு கால், பிறகு மற்றக் கால். முகம் வெளுத்துத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கால்கள் அவனைத் தாங்கின. கதவடியில் நின்ற பஸ்லான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

லோஜனா மணிக்கூட்டை மடிக்கணினியில் பொருத்தியிருந்தாள். "அக்கா, வந்து பாருங்கோ," என்று கூப்பிட்டாள்.

திரையில் ஒரு கோடு ஆழத்துக்கு இறங்கிக் கொஞ்ச நேரம் கீழேயே போய், பிறகு செங்குத்தாக மேலே ஏறியது. அதன் பிறகு நேராக, தண்ணீருக்கு மேலேயே, கடைசி வரைக்கும் ஓடியது.

"இந்த முறை ஆள் கிணத்துக்குள்ள இல்லை," என்றாள் லோஜனா.

"ஓம்," என்றாள் அசனா. விரலால் அந்தக் கோட்டை மெல்லத் தொட்டாள். "மேல வந்திருக்கார். திரும்ப இறங்கல்ல."